தலைவலி வந்தால் சுவரில் முட்டிக்கொள்பவர் நாளைக்கு என்னையும் அடிப்பாரா?

நீங்கள் எழுதியிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு வயது 36. வருடத்தில் ஒரு பருவத்தில் மட்டும், சில வாரங்களுக்கு, அநேகமாகத் தினமும் இரவு ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் வலது கண்ணுக்குப் பின்னால் தாங்க முடியாத வலி வருகிறது. அந்தக் கண் சிவந்து நீர் கொட்டுகிறது, அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்கிறது. படுக்க மாட்டார். அறைக்குள் நடக்கிறார், சுவரில் முட்டுகிறார், பக்கத்தில் போனால் கத்துகிறார், ஒருமுறை செல்போனைத் தூக்கி எறிந்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் போன வாரம் ஒரு மாலை, வலியே இல்லாத நேரத்தில், பணத்தைப் பற்றிய பேச்சில் உங்களைப் பிடித்துத் தள்ளிவிட்டார். "அவனே தலைவலியில் துடிக்கிறான், அவனை ஒன்றும் சொல்லாதே" என்கிறார் உங்கள் மாமியார். கடுமையான தலைவலிக்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் எழுத்தைப் படிக்கும்போது, இதை நோய் என்று பொறுத்துக்கொள்வதா, அல்லது பயப்படுவதா என்பதுதான் உங்களைத் தூங்க விடாத கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் நரம்பியல் மருத்துவர். பல வருடங்களாக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தலைவலிக்காரர்கள். நேரில் பார்க்காமல் யாருக்கும் நோயை உறுதி செய்ய முடியாது; உங்கள் கணவருக்கும் அப்படித்தான். ஆனாலும் நீங்கள் சொல்லும் இரவு நேரம், ஒரே பக்கம், சிவந்த கண், அடைத்த மூக்கு, நிலைகொள்ளாமல் நடப்பது, ஒரு மணி நேரத்தில் அடங்குவது எல்லாம் சேர்ந்தால் நாங்கள் முதலில் நினைப்பது கிளஸ்டர் தலைவலி என்பதைத்தான். கொத்துத் தலைவலி என்றும் சொல்வார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் நோய் இது, ஆண்களுக்கு அதிகம். ஒரு முறை வந்தால் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும்; ஒரு நாளில் 8 முறை வரைகூட வரலாம். சில வாரங்களோ மாதங்களோ இப்படிக் கொத்தாக வந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் தலைகாட்டாது. சைனஸ் என்றும் பல்வலி என்றும் நினைத்து வருடக்கணக்கில் தவறான வைத்தியம் நடப்பது இந்த நோயில் சர்வ சாதாரணம். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதில் சந்தேகமே இல்லாத விஷயத்தை முதலில் வைக்கிறேன். வலி வரும் நேரத்தில் நிலைகொள்ளாமல் தவிப்பது இந்த நோயின் ஓர் அங்கம். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில், நோயை உறுதி செய்யப் பார்க்கும் அறிகுறிகளில் கண் சிவப்பு, மூக்கடைப்புக்கு இணையாக இந்தத் தவிப்பையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2002-ல் லண்டனில் 230 கிளஸ்டர் நோயாளிகளை ஆராய்ந்தபோது 93 சதவீதம் பேருக்கு இது இருந்தது. மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலியில் நடப்பது இதற்கு நேர் எதிர். அசைந்தால் வலி கூடும் என்பதால் அவர்கள் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, அசையாமல் படுத்துவிடுவார்கள். கிளஸ்டர் நோயாளியால் படுக்கவே முடியாது. நடப்பார், உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவார், கண்ணை உள்ளங்கையால் அழுத்துவார், தலையைச் சுவரில் மோதுவார், தன் தலையில் தானே குத்திக்கொள்வார், கெட்ட வார்த்தை வரும், கையில் கிடைத்தது பறக்கும். பிரசவ வலியும் தெரிந்து இந்த வலியும் தெரிந்த பெண்கள் பலர், இதுதான் பெரிது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நேரத்து மூர்க்கத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். அது பெரும்பாலும் தன் மேலும், சுவர், கதவு, செல்போன் போன்ற பொருள்கள் மேலும்தான் போகிறது. மனிதர்கள் மேல் திரும்பினால், அது அநேகமாக அவரைத் தொட வந்தவர் மேல், தைலம் தடவ வந்தவர் மேல், "கொஞ்சம் படுங்களேன்" என்று தோளைப் பிடித்தவர் மேல். தேடிப்போய் ஒருவரைத் தாக்குவதை இந்த வலியின்போது நான் அபூர்வமாகவே கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் வலி வந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் போகாதீர்கள், பிடிக்காதீர்கள், எதையும் விளக்கிக் கேட்காதீர்கள். மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். கைவிட்டதாக அவர் நினைக்க மாட்டார். தனியாக விட்டால் போதும் என்பதுதான் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் வலி இல்லாத நேரத்தில் என்னிடம் சொல்வது.

வலி பொதுவாகவே கோபத்தைக் கிளப்பும் என்பதும் உறுதியாகத் தெரிந்ததுதான். 1962-ல் அமெரிக்காவில் உல்ரிச், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள், ஒன்றாக அடைத்த இரண்டு எலிகளின் காலில் மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். அதுவரை சும்மா இருந்த எலிகள் ஒன்றையொன்று தாக்கின. மனிதர்களிடம் 1980-களின் தொடக்கத்தில் பெர்கோவிட்ஸ் என்பவர் செய்த சோதனை இன்னும் மென்மையானது. ஒரு கையைக் குளிர்ந்த நீரில் வைத்துக்கொண்டிருந்தவர்கள், சாதாரண நீரில் வைத்திருந்தவர்களைவிட, கூட்டாளிக்குக் கடுமையான தண்டனையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கூட்டாளி அவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் இதை வைத்து "வலி இருப்பவர் அடிப்பார்" என்று முடிவு கட்ட முடியாது. கோபத்தின் வாசலை வலி தாழ்த்தி வைக்கிறது என்பது வரைதான் இந்தச் சோதனைகள் நம்மைக் கூட்டிச் செல்கின்றன. நாள்பட்ட தலைவலியோடு வாழும் லட்சக்கணக்கானவர்கள் யாரையும் ஒரு விரலால் தொட்டதில்லை.

இனி சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். கிளஸ்டர் வலி வரும்போது மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதியின் பின்புறம் சுறுசுறுப்பாகிறது என்று 1998-ல் வெளியான மூளைப் பட ஆய்வு காட்டியது. தூக்கம், விழிப்பு, பருவம் ஆகியவற்றின் கடிகாரமும் ஹைப்போதலாமஸில்தான் இருக்கிறது. வலி கடிகாரம் வைத்தாற்போல் நடுராத்திரியில் வருவதற்கு இது நல்ல விளக்கம். ஹைப்போதலாமஸின் வேறு பகுதிகளைத் தூண்டினால் பூனையும் எலியும் சீறித் தாக்கும் என்பதும் உண்மை. பூனைகளில் இதைச் செய்து பார்த்த வால்டர் ஹெஸ்ஸுக்கு, மூளையின் நடுப்பகுதி உடலுறுப்புகளை எப்படி இயக்குகிறது என்று கண்டறிந்ததற்காக 1949-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டையும் ஒட்டவைத்து, ஒரே இடம்தான் வலியையும் வெறியையும் தருகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் விலங்குகளில் தாக்குதலைக் கிளப்பும் இடமும், கிளஸ்டர் வலியில் சுறுசுறுப்பாகும் இடமும் ஒன்றல்ல. மனிதரில் இந்த இணைப்பை யாரும் நிரூபித்ததும் இல்லை. நான் இதை ஓர் ஊகம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

குணத்தைப் பற்றிய பழைய கதைகளையும் அப்படியே தள்ளிவைக்கலாம். 1937-ல் நியூயார்க்கில் ஹரால்ட் உல்ஃப் என்ற பெரிய தலைவலி நிபுணர், மைக்ரேன்காரர்கள் எதிலும் கச்சிதம் பார்ப்பவர்கள், கோபத்தை உள்ளேயே அடக்கி வைப்பவர்கள் என்று எழுதினார். அது பல பத்தாண்டுகள் பாடமாகவே ஓடியது. கிளஸ்டர் நோயாளிகளுக்குச் சிங்கம் மாதிரி முரட்டு முகம் என்றுகூட எழுதி வைத்தார்கள். பிற்பாடு முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது "தலைவலிக்காரன் குணம்" என்று ஒன்று தனியாக நிற்கவில்லை. மருத்துவரைத் தேடி வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரையும் பற்றி எழுதியதால் வந்த வினை அது. தலைவலியையும் ஆக்ரோஷத்தையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகள் இன்றைக்கும் குறைவு. இருப்பவற்றில் பலவும் சிறியவை, நோயாளிகளே நிரப்பிய கேள்வித்தாளை நம்பியவை. எது முந்தியது, எது பிந்தியது என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

அந்தத் திசைக் குழப்பம் முக்கியமானது, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். மைக்ரேனும் மனச்சோர்வும் ஒன்றையொன்று கூட்டும் என்பது நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. மனச்சோர்வு ஆண்களிடம் பல நேரம் அழுகையாக வருவதில்லை, எரிச்சலாக வரும். இரவு இரவாகத் தூக்கம் கெட்டவருக்குப் பகலில் பொறுமை இருக்காது. குடி இருந்தால் அது தனிக் காரணம். கிளஸ்டர் வாரங்களில் கொஞ்சம் மது உள்ளே போனாலே பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி வந்துவிடும் என்பதால், குடித்த நாளின் வலியும் குடித்த நாளின் கோபமும் கலந்து எது எதனால் என்று தெரியாமல் போகும். இன்னொரு பக்கமும் உண்டு. சிறு வயதில் அடியும் வசவும் வாங்கி வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் தலைவலி அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. வன்முறை நடக்கும் வீட்டில் பெண்களுக்குத் தலைவலி வருவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். உங்களுக்கே இப்போது தலைவலி, தூக்கமின்மை ஏதாவது இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது அவருடைய வியாதி மட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

மாத்திரைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கட்டாயம் கேட்பேன். தலைவலிக்குக் கொடுக்கும் சில மருந்துகளே குணத்தை மாற்றக்கூடியவை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, கிளஸ்டருக்கு ஆரம்பத்தில் சில நாள் கொடுப்பது. தூக்கத்தைக் கெடுத்துப் படபடப்பையும் கோபத்தையும் கொண்டுவரும். டோபிரமேட் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் தருகிறது. மைக்ரேனுக்கு நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் ஃப்ளூனரிசின் மனச்சோர்வைத் தரலாம். வலிப்புக்கான லெவடிராசிட்டம் சிலரை அடையாளம் தெரியாத அளவுக்குச் சிடுசிடுப்பாக்கும். அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரைகள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், காஃபினோ வேறு மருந்தோ கலந்த கூட்டு மாத்திரையை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடும். கோபம் எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மூளையில் கட்டி இருந்தால்தான் இப்படி மாறுவார்களோ என்று உங்கள் தம்பி பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். அவர் படித்தது அநேகமாக சார்ல்ஸ் விட்மன் கதையாக இருக்கும். 1966 ஆகஸ்ட் 1 அன்று, தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு, டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிப் பத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றவர். முன்பே எழுதி வைத்த குறிப்பில், கடுமையான தலைவலி இருந்ததாகவும், மூன்று மாதத்தில் இரண்டு பெரிய பாட்டில் வலி மாத்திரை தின்றதாகவும், இறந்தபின் தன் உடலைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பரிசோதனையில் மூளைக்கட்டி கிடைத்தது. மாநில ஆளுநர் அமைத்த குழு அலசிப் பார்த்துவிட்டு, கட்டிக்கும் கொலைகளுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக நிறுவ முடியாது, உணர்ச்சியை அடக்க முடியாமல் போனதற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று மட்டும் எழுதியது. அவரிடம் வேறு சிக்கல்களும் இருந்தன. ஊக்க மாத்திரைகள் சாப்பிட்டார், வன்முறை நிறைந்த வீட்டில் வளர்ந்தார். இத்தனை நுட்பமாகப் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு கதையை உங்கள் வீட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

ஆனாலும் ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளஸ்டர் என்று சந்தேகித்தால் ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது வழக்கம்; மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் அருகில் உள்ள கோளாறு சில நேரம் இதே மாதிரி வலியைத் தரும். காத்திருக்கவே கூடாத அடையாளங்கள் வேறு. காய்ச்சலோடு தலைவலி வந்து இரண்டு மூன்று நாளில் பேச்சும் நடத்தையும் மாறினால், அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இப்படிப்பட்டவர்களைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போய், மருந்து கொடுக்க வேண்டிய நாள்களை இழந்த குடும்பங்கள் உண்டு, நினைத்தாலே வேதனையாக இருக்கும். வலிப்பு, கை கால் பலவீனம், பார்வை இரண்டாகத் தெரிவது, படுத்தாலோ இருமினாலோ கூடும் வலி, இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் வலி, பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு தொடங்கிய வலியும் மாறிய குணமும், இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

இப்போது அந்த மாலை நேரத்துத் தள்ளுதலுக்கு வருகிறேன். என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: வலி இல்லாத நேரத்தில், பணப் பேச்சில், உங்களைப் பார்த்து, உங்களைப் பிடித்துத் தள்ளியதை நான் தலைவலிக் கணக்கில் எழுத மாட்டேன். தூக்கம் கெட்டதும், அடுத்த வலி எப்போது வருமோ என்ற பயமும் அவரைச் சிடுசிடுப்பாக்கியிருக்கும், அதை மறுக்கவில்லை. மைக்ரேனில் வலிக்கு ஒருநாள் இரண்டுநாள் முன்னால் எரிச்சல் வருவது தெரிந்த விஷயம். கிளஸ்டரிலும் சிலருக்கு அப்படி உண்டு. அந்த எரிச்சல் குரலை உயர்த்த வைக்கும், கதவை அறைய வைக்கும். ஆனால் அலுவலகத்தில் மேலாளரிடம் அதே மாலையில் அவர் கை நீட்டவில்லை அல்லவா? உங்கள் மாமியார் தன் மகனின் துடிப்பைக் கண்ணால் பார்த்தவர், அவர் மனம் அப்படித்தான் பேசும். இருந்தாலும் ஒரு நோயின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் மூடிவிட்டால், நோய்க்கும் வைத்தியம் நடக்காது, அடியும் நிற்காது. வலி நேரத்துத் தவிப்புக்கும் இதற்கும் இடையில் நீங்கள் போட்ட கோடு சரியானதுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்த மாலையைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. இது கிளஸ்டர் என்றால் அதற்கு நல்ல வைத்தியம் உண்டு, அதில் முதலாவது வெறும் ஆக்சிஜன். 2009-ல் வெளியான ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் மாஸ்க்கில் கொடுத்தபோது, 15 நிமிடத்தில் 78 சதவீத முறைகளில் வலி நின்றது. சாதாரணக் காற்றைக் கொடுத்தபோது 20 சதவீதம். கொரோனா காலத்தில் வீடுகளில் பார்த்த, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் இதற்குப் போதாது, அவற்றில் பல 5 லிட்டர்தான் தரும். சிலிண்டரும், பை வைத்த மாஸ்க்கும் வேண்டும். அந்த அறையில் பீடி, சிகரெட், எரியும் விளக்கு எதுவும் கூடாது. சுமாட்ரிப்டான் ஊசி வேகமாகக் கேட்கும், இதய நோய் இருந்தால் கூடாது. மாத்திரையாகச் சாப்பிட்டால் அது வேலை செய்வதற்குள் வலியே முடிந்துவிடும். கொத்து வருவதைத் தடுக்க வெராபமில் கொடுப்போம், அதற்கு இ.சி.ஜி. பார்த்துப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டும். பின்மண்டை நரம்பில் போடும் ஊசியும் சிலருக்கு நன்றாக உதவுகிறது. வலி கட்டுக்குள் வந்தவுடன் இரவுக் கூச்சலும் சுவரில் முட்டுவதும் நின்றுபோவதை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். வலி நின்ற பிறகும் பகல் நேரத்துக் கைநீட்டல் தொடர்ந்தால், அதற்கு மனநல மருத்துவரிடமும் தேவைப்பட்டால் சட்டத்திடமும்தான் போக வேண்டும், என்னிடம் இல்லை.

நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டில் வலி வந்த தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், அன்றைக்குக் குடித்தாரா, என்ன மாத்திரை போட்டார் என்று எழுதிக்கொண்டு போங்கள். அவர் சம்மதித்தால், வலி வந்த நேரத்தில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். அரை மணி நேரம் விளக்கிச் சொல்வதைவிட அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு அதிகம் காட்டும். கோபம் வந்த நாள்களை அதே நோட்டில் வேறு நிற மையில் எழுதுங்கள், வலியோடு சேர்ந்து வந்ததா, தனியாக வந்ததா என்று. மருத்துவரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்றையும் நீங்களே அவரிடம் நேராகக் கேட்க வேண்டும்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" இந்த வலிக்குத் தற்கொலைத் தலைவலி என்ற பெயர் சும்மா வரவில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மறுபடி உங்கள் மேல் கை வைத்தால் 181 பெண்கள் உதவி எண், உடனடி ஆபத்து என்றால் 112. கொஞ்சம் பணம், ஆதார், குழந்தைகளின் மருந்து, சாவி எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதினால், ஸ்கேன் முடிவையும் மருந்துப் பெயர்களையும் வைத்து என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.